முன்பக்கத் துளை

ஐப்பசி 9, ஞாயிறு. திருப்பதி.

முன்பக்கத் துளையில் வெப்கேமைச் செருகினாலே கணினி உறைந்துவிடுகிறது. ஹைதராபாத்தில் இருக்கும் மகளின் முகத்தைப் பார்த்துப் பல நாள் ஆயிற்று. அதன் டிரைவர் மென்பொருளை அழித்து மறுபடி நிறுவியும் பயனில்லை.

இன்று புத்தூரிலிருந்து வந்த நாத்தனார் குனிந்து பார்த்தாள். "கம்ப்யூட்டருக்குச் சளி புடிச்சிக்கினு கீது, அண்ணி! ஆயுதபூஜைக்கு வெச்ச சந்தனம் ஓட்டைக்குள்ள காஞ்சி கெடக்குது." பொட்டு வைத்தவர் அவள் அண்ணன்; கேலி எனக்கு.

பின்பக்கம் செருகினாள், சரியாகிவிட்டது. திரையில் மகள், "அத்தே, நீதான் கெட்டிக்காரி!" என்றாள். பிறகு வெகுநேரம் அவர்கள் இருவருக்கும் ஒரே சிரிப்பு. என்னிடம் "சாப்ட்டியாம்மா?" என்பதோடு சரி. நாளையும் கூப்பிடுவாளாம், அத்தைக்காக.

எல்லாரும் படுத்த பிறகு வெப்கேமைப் பிடுங்கி, மறுபடி முன்பக்கமே செருகிவிட்டு வந்தேன்.

நாளை நாத்தனார் குனிந்து பார்க்காமலா இருப்பாள்?