சீட்டுத் தண்டில் ஒரு கறுப்பு டேப்

மார்ச் 4, செவ்வாய்

கடையில் இன்று ஒன்பது மூக்குக்கண்ணாடி ரிப்பேர். எட்டு ஒழுங்காகப் போனது. ஒன்பதாவதில் திருகாணி வழுக்கி, அரை மணி நேரம் உயிரை வாங்கிவிட்டது.

ஆஸ்பத்திரியிலிருந்து தம்பியை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வலது மணிக்கட்டில் பிளேட், மேலே மாவுக்கட்டு. வேனிலிருந்து ஸ்பீக்கரை இறக்கும்போது விழுந்தானாம். ஸ்பீக்கருக்கு ஒரு கீறல் இல்லை. ஆறு வாரம் குச்சியைத் தொடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ட்ரம்ஸ் வாசிப்பதைத் தவிர வேறெதுவும் தெரியாதவனிடம்.

சாயங்காலம் பாடகர் பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார். குழு அவருடையது. ஞாயிற்றுக்கிழமைகளில் கிளப் ஹாலில் வாசிக்கிறார்கள். இப்போது அங்கே பெயின்ட் வேலை, 30ஆம் தேதிதான் திறக்கிறது. அதற்குள் வேறு ஆள் பார்த்துக்கொள்வதாகப் பூசி மெழுகிச் சொல்லிவிட்டுப் போனார். அவர் படி இறங்கியதும் தம்பி என்னையே பார்த்தான்.

"அக்கா, நீ உட்காரு."

நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

"வேற எவனாவது உட்கார்ந்தா எழுந்திரிக்க மாட்டான். நீன்னா எழுந்துருவே."

மார்ச் 5, புதன்

பாடகரிடம் போனில் பேசியே விட்டான். நாலு பாட்டு, எல்லாமே நிதானமான பாட்டு, எல்லாவற்றுக்கும் ஒரே தாளம். 22ஆம் தேதி ஒத்திகையில் பார்த்துவிட்டு முடிவு சொல்கிறாராம். என்னை யாரும் கேட்கவில்லை என்பதைக் குறித்து வைக்கிறேன்.

வீட்டிலிருக்கும் அவன் ட்ரம்ஸில் உட்கார்ந்தேன். கால் பெடலுக்கு எட்டவில்லை. தம்பி பனைமரம், நான் குட்டை. சீட்டின் தண்டில் அவன் உயரத்துக்குக் கறுப்பு டேப் ஒட்டி வைத்திருக்கிறான். திருகைத் தளர்த்தி நாலு விரல் இறக்கினேன். எழுந்ததும் திரும்ப டேப் வரைக்கும் ஏற்றி வைத்தேன். இனி எப்போதும் அப்படித்தான். அவன் கேட்கவில்லை, எனக்கு நானே போட்டுக்கொண்டது.

குச்சியைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடிக்க வேண்டும், மற்ற மூன்று விரலும் சும்மா சுற்றிக்கொண்டால் போதும். நான் சுத்தியல் மாதிரிப் பிடித்தேன். சரிசெய்யக் கை நீட்டினான், கட்டு தடுத்தது. இடது கையால் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து வைத்தான்.

மார்ச் 7, வெள்ளி

என் இடது கை எனக்குச் சொந்தமில்லை. யாரோ கொடுத்துவிட்டுப் போனது.

மார்ச் 9, ஞாயிறு

இன்று சுருதி கூட்டும் வேலை. தோலெல்லாம் தளர்ந்துவிட்டது, இப்படியே வாசித்தால் உனக்குக் காது கெட்டுப் போகும் என்றான். அவன் நாற்காலியில் அதிகாரி, நான் தரையில் கூலி.

சின்ன டாம் ட்ரம்மில் தோலை இறுக்கிப் பிடிக்க ஆறு திருகாணி. எல்லாவற்றையும் முதலில் கையாலேயே முட்டும் வரை திருகி, அப்புறம் அதற்கென்று இருக்கும் சாவியால் இறுக்க வேண்டும். வட்டமாகச் சுற்றிக்கொண்டு போகக் கூடாது. ஒன்றைத் திருகினால் அடுத்தது அதற்கு நேர் எதிரில் இருப்பது. இல்லாவிட்டால் தோல் ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும். இதெல்லாம் எனக்குச் சொல்ல வேண்டுமா? பதினெட்டு வருஷம் திருகாணியோடு குடும்பம் நடத்துகிறேன். ஆறுக்கும் கணக்காக மூன்று அரைச்சுற்று கொடுத்தேன், மயிரிழை பிசகவில்லை. பெருமையாகத் தட்டினேன். தகர வாளியில் பூனை விழுந்த மாதிரி ஒரு சத்தம்.

"கண்ணாடிக் கடைப் புத்தியை இங்க காட்டாதே. ஒவ்வொரு ஆணியும் ஒவ்வொரு மாதிரி தேஞ்சிருக்கும். சுத்தை எண்ணாதே, சத்தத்தைக் கேளு."

ஒவ்வொரு ஆணிக்குப் பக்கத்திலும், விளிம்பிலிருந்து இரண்டு விரல் உள்ளே தள்ளி, குச்சி நுனியால் தட்டிக் கேட்க வேண்டும். எது தாழ்ந்து பேசுகிறதோ அதற்கு மட்டும் கொஞ்சம் சாவி. முதல் அரை மணி நேரம் எனக்கு ஒரு வித்தியாசமும் கேட்கவில்லை, கேட்கிற மாதிரித் தலையாட்டினேன். கண்டுபிடித்துவிட்டான். பிறகு திடீரென்று நாலாவது ஆணி மட்டும் முணுமுணுப்பது கேட்டது. நிஜமாகவே கேட்டது. மேல் தோல் முடிந்ததும், கீழேயும் ஒன்று இருக்கிறது, கவிழ்த்துப் போடு என்றான். அடப்பாவி.

மூன்று டாம், மடிக்கு முன்னால் இருக்கும் ஸ்நேர், காலால் அடிக்கும் பெரிய பேஸ் ட்ரம். நாலு மணி நேரம். கடைசியில் டாம்களை வரிசையாகத் தட்டினேன், மேலிருந்து கீழே படி இறங்குகிற மாதிரி வந்தது. தம்பி கண்ணை மூடிக்கொண்டான்.

மார்ச் 12, புதன்

சண்டை.

ஹை-ஹாட் தாளத் தட்டில் எட்டு அடி, பெடலில் கால் ஒன்றிலும் மூன்றிலும், ஸ்நேர் இரண்டிலும் நாலிலும். பச்சைப்பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது இவ்வளவுதானாம். கால் போனால் கை நிற்கிறது, கை போனால் கால் நிற்கிறது. தாளம் எண்ணும் மெட்ரோனோம் டிக் டிக்கென்று என் மானத்தை வாங்குகிறது. பாத்திரம் தேய்க்கிற மாதிரி அடிக்கிறேன் என்றான். அந்தப் பாத்திரத்தில்தான்டா நீ சாப்பிடுறே என்று கத்திக் குச்சியை எறிந்தேன். நீயே வாசிச்சுக்கோ என்றும் சொல்லிவிட்டேன்.

சொன்ன பிறகுதான் அவன் கட்டைப் பார்த்தேன். என்ன வாய் இது எனக்கு?

மார்ச் 15, சனி

குச்சியை அழுத்திப் புதைக்கக் கூடாது, விழுந்ததும் தோலே அதைத் தூக்கிவிடும், தூக்க விடு என்றான். பத்து நாளாக இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தான். இன்றுதான் கைக்குப் புரிந்தது. தோள் வலி பாதியாகக் குறைந்தது.

கீழ்வீட்டுக்காரர் கடைக்கு வந்தார். கண்ணாடி சரிபார்த்துவிட்டு, காதை அடைக்க ஏதாவது விற்கிறீர்களா என்று கேட்டார்.

மார்ச் 22, சனி

ஒத்திகை. முதல் பாட்டில் தாளத்தை விட்டு முன்னால் ஓடிவிட்டேன், பாடகர் திரும்பி முறைத்தார். இரண்டாவதிலிருந்து தம்பி சுவரோரம் நின்று காலால் தரையைத் தட்டினான், அந்தக் காலைப் பார்த்துக்கொண்டே வாசித்தேன். முடிந்ததும் எல்லோரும் சாமானைக் கட்ட ஆரம்பித்தார்கள். பேஸ் கிட்டார் வாசிப்பவரை எல்லோரும் ஊமை என்றுதான் கூப்பிடுகிறார்கள், அவ்வளவு பேச்சு. அவர் வயரைச் சுருட்டிக்கொண்டே "நிக்குது" என்றார். தாளம் ஓடாமல் நிற்கிறதாம். பாடகர் சரி என்றுவிட்டார்.

மார்ச் 29, சனி

நாளைக்கு நான் சொதப்பினால் என் மானம் போவது கிடக்கட்டும், அவன் சீட்டு போய்விடும்.

மார்ச் 30, ஞாயிறு

வேனில் குலுங்கி வந்ததில், தரையில் நிற்கும் பெரிய டாம் தொளதொளவென்று ஆகிவிட்டது. தம்பி வெளியே டிரைவரோடு வேன் நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தான். பத்து நிமிஷம்தான் இருந்தது. ஹாலெல்லாம் பெயின்ட் வாடை. சாவியை எடுத்தேன், தட்டினேன், கேட்டேன், எதிர் ஆணி, மறுபடியும் தட்டினேன். எத்தனை சுற்று என்று இப்போது கேட்டால் தெரியாது.

தம்பி ஓடிவந்து இடது கை விரலால் சுற்றிலும் தட்டிப் பார்த்தான். திருத்த எதுவும் இல்லை. சாவியை என் கையிலேயே விட்டுவிட்டு மேடையிலிருந்து இறங்கிப் போய்விட்டான். பாராட்டுவான் என்று நினைத்தேன்.

நாலு பாட்டிலும் தாளம் நின்றது.

ஏப்ரல் 13, ஞாயிறு

மூன்றாவது வாரம். ஏழு பாட்டு ஆகிவிட்டது. முடிந்ததும் பாடகர் தனியாகக் கூப்பிட்டார்.

"நீங்களே இருந்துடுங்கம்மா. உங்க தம்பி பெரிய வித்தைக்காரன், நான் மறுக்கல. ஆனா அவன் ஓடுவான், நாங்க பின்னால ஓடணும். இப்பதான் நான் நிம்மதியாப் பாடறேன்."

அது என் தம்பி சீட்டு என்றேன். யோசியுங்கள் என்றார்.

தம்பியிடம் சொல்லவில்லை. எதைச் சொல்வது? அவர் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. எழுதிவிட்டேன். இந்தப் பக்கத்தைக் கிழித்துவிடலாமா?

ஏப்ரல் 15, செவ்வாய்

கட்டைப் பிரித்தாயிற்று. வீட்டுக்கு வந்ததும் குச்சியை எடுத்தான். மூன்றாவது அடியில் நழுவி விழுந்தது. மரத்துப்போயிருக்கு என்று சிரித்தான். நானும் சிரித்தேன்.

ஏப்ரல் 27, ஞாயிறு

கதவைச் சாத்திக்கொண்டு பயிற்சி செய்கிறான். நான் மாடிப்படியில் பையோடு நின்றேன். நன்றாகத்தான் ஆரம்பிக்கிறான், அப்புறம் குச்சி தரையில் விழும் சத்தம். மறுபடி ஆரம்பம், மறுபடி அந்தச் சத்தம். உள்ளே போகாமல் திரும்பிப் போய், வாங்க வேண்டிய தேவையே இல்லாத சோப்பு இரண்டு வாங்கி வந்தேன்.

மே 2, வெள்ளி

டாக்டரிடம் நானும் போனேன். எழுதலாம், வண்டி ஓட்டலாம், பளு தூக்கலாம் என்றார். ட்ரம்ஸ் என்று கேட்டான். கடைசி இரண்டு விரலுக்கு உணர்ச்சி முழுசாக வருவது சந்தேகம், மெதுவாக வாசித்துப் பாருங்கள் என்றார். வேகத்தில் குச்சி நழுவாமல் பிடிப்பது அந்த விரல்கள்தான். பஸ்ஸில் இருவரும் ஆளுக்கொரு ஜன்னல்.

மே 11, ஞாயிறு

நானேதான் பாடகரிடம் சண்டை போட்டு அவனை இன்று உட்கார வைத்தேன். காலையிலேயே சீட்டை டேப் வரைக்கும் ஏற்றித் திருகை இறுக்கினேன்.

முதல் பாட்டில் அவன் ராஜா. எனக்குப் புல்லரித்தது, நான் வாசிப்பதெல்லாம் ஒன்றுமே இல்லை. மூன்றாவது பாட்டில் குச்சி பறந்து ஊமையின் காலடியில் விழுந்தது. ஒற்றைக் கையால் சமாளித்தான். ஐந்தாவதில் இன்னொரு தடவை. ஹாலில் பலருக்குத் தெரிந்திருக்காது. எங்களுக்கெல்லாம் தெரிந்தது.

சாமான் கட்டும்போது பாடகர் அவன் முன்னாலேயே, அன்னிக்கே சொன்னேனேம்மா, நீங்கதான் கேட்கல என்று போட்டு உடைத்துவிட்டார்.

வீட்டுக் கதவைத் திறந்ததும் கேட்டான்.

"எப்ப கேட்டாரு?"

"ஏப்ரல்ல."

"ஏன் சொல்லல?"

"நான் எழுந்துருவேன்டா. சொன்ன மாதிரி எழுந்துருவேன். நாளைக்கே வேணும்னாலும்."

"அதைக் கேக்கல. ஏன் சொல்லல?"

பதில் சொல்லியிருக்கலாம். ஆசையாக இருந்தது, அதனால் பயமாக இருந்தது என்று. அவன் போய்ப் படுத்துவிட்டான்.

மே 14, புதன்

மூன்று நாளில் ஒரே கேள்வி. உப்பு எங்கே என்று மட்டும் கேட்டான்.

மே 17, சனி

கடை விட்டு வந்தேன். ட்ரம்ஸ் அறை திறந்து கிடந்தது. தம்பி சமையலறையில் டீ போட்டுக்கொண்டிருந்தான்.

டாமைத் தட்டினேன். எல்லாத் தோலையும் புதிதாகச் சுருதி கூட்டியிருக்கிறான், இடது கையாலேயே. உட்கார்வதற்குச் சீட்டை இறக்கலாம் என்று குனிந்தேன். திருகு அசையவில்லை, இறுக்கியிருந்தது. சீட்டு ஏற்கெனவே நாலு விரல் கீழே. பழைய டேப்பை உரித்த இடத்தில் பசை மட்டும் பிசுபிசுவென்று இருந்தது. கீழே புதிதாக ஒன்று, கோணலாக ஒட்டியிருந்தது. பழக்கமில்லாத இடது கையால் ஒட்டினால் அப்படித்தான் இருக்கும்.

அழுதேன். சத்தம் போடாமல் அழத் தெரியாது எனக்கு. அவன் டம்ளரோடு வாசலில் வந்து நின்றான், உள்ளே வரவில்லை.

"நாளைக்கு நான் கீழ நின்னு சவுண்ட் பாத்துக்கறேன். ரெண்டாவது பாட்டுல இன்னமும் கொஞ்சம் ஓடுறே. வாசி, கேக்கறேன்."

வாசித்தேன். டீ ஆறிப்போனது. எழுந்தபோது வழக்கம்போலக் கை திருகுக்குப் போனது. எடுத்துவிட்டேன், சீட்டை ஏற்றவில்லை.