மோரன்ஸ் கிரீக் புத்தகத்தில் இரண்டு பக்கம்

மோரன்ஸ் கிரீக்,
விக்ரோரியா, அவுஸ்திரேலியா.
21.9.1976

அன்புள்ள மகன் சிறிதரனுக்கு,

நாங்கள் மூன்று பேரும் சுகம். லண்டன் குளிரில் நீயும் சுகமாக இருக்கவேண்டுமென்று தினமும் விளக்கேற்றும்போது கேட்டுக்கொள்கிறேன். உன் கடிதம் கிடைத்து மூன்று கிழமையாகிவிட்டது. பதில் எழுதாததற்குக் கோபம் காரணமில்லை. அப்பாவுக்குப் பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் இன்னும் இரண்டு வகுப்புக் கூடியிருக்கிறது, உன் தங்கச்சி ராதா நாங்கள் தமிழில் கேட்பதற்கெல்லாம் ஆங்கிலத்தில்தான் பதில் சொல்கிறாள், எனக்குக் கவுன்சில் கந்தோரில் ரைப் அடிக்கும் வேலை கிடைத்திருக்கிறது. இந்த ஊரில் தங்கம் கண்டுபிடித்து நூற்றிருபத்தைந்து வருஷமாம், அதற்கு ஒரு புத்தகம் போடுகிறார்கள். இப்போது எண்ணூறு பேர்கூட இல்லாத இந்த ஊரில் அந்த நாளில் இருபதினாயிரம் பேர் கூடாரம் அடித்து இருந்தார்களாம், எங்கள் வீட்டுக்குப் பின்னாலும் மண் தோண்டிய குழிகள்தான், ராதாவை அந்தப் பக்கம் போகவிடுவதில்லை.

புத்தகத்துக்காகப் பழைய சவ அடக்கப் பதிவேட்டை ரைப் அடிக்கத் தந்தார்கள். அதில் முப்பத்தொரு இடத்தில் பெயர் இல்லை. சீனன், சுரங்கம் இடிந்து. சீனன், காய்ச்சல். அவ்வளவுதான். எனக்குக் கை ஓடவில்லை. புத்தகக் கொமிற்றித் தலைவர் மிஸ்டர் பெல் அதைப் பார்த்துவிட்டு, பெயரில்லாதவர்களைப் போட்டு என்ன பயன், அந்தப் பக்கங்களுக்கு உதைபந்தாட்டக் குழுவின் படம் போடலாம் என்றார். வீட்டில் வந்து சொன்னபோது அப்பா, "வந்து ரெண்டு வரியம் ஆகேல்லை, உந்த ஊர்ச் சண்டைக்குள்ள தலையைக் குடுக்காதை" என்றார். நானும் அடுத்தநாள் அந்தத் தாளை மேசையில் ஒரு பக்கம் வைத்துவிட்டு மற்ற வேலையைப் பார்த்தேன்.

கந்தோரில் தேநீர் போடுகிற நோர்மா என்ற அறுபது வயது மனுசி ஒருநாள் என் மேசையில் கிடந்த அந்தத் தாளை வாசித்துவிட்டு அப்படியே கதிரையில் இருந்துவிட்டார். அவருடைய தாயின் தகப்பன் சீனராம், பெயர் ஆ லின். தங்கம் முடிந்தபிறகு ஊருக்குப் போகாமல் ஆற்றோரம் தோட்டம் செய்து, காவடி போலத் தோளில் கூடை கட்டி மரக்கறி விற்றவராம். ஐரிஷ் பெண்ணொருத்தியைக் கலியாணம் முடித்தாராம். பிள்ளைகள் தாயின் பெயரை வைத்துக்கொண்டு வெள்ளைக்காரராகவே வளர்ந்துவிட்டார்கள். தகப்பன் கூடையோடு எதிரே வந்தால் நோர்மாவின் தாய் தெருவைக் கடந்து மற்றப் பக்கம் போவாராம், அவரும் தெரியாத ஆள் மாதிரித் தலையைக் குனிந்துகொண்டு போவாராம். சாகிற கிழமைதான் தாய் இதை நோர்மாவுக்குச் சொல்லி அழுதாராம். நோர்மா தன் புருஷனுக்குக்கூடச் சொல்லவில்லை.

போன செவ்வாய்க்கிழமை கொமிற்றிக் கூட்டம், நான் குறிப்பெடுக்க இருந்தேன். அந்தப் பக்கங்களை எடுத்துவிடுவோம் என்று மிஸ்டர் பெல் சொன்னபோது தேநீர்த் தட்டோடு நின்ற நோர்மா அதை மேசையில் வைத்துவிட்டு, என் அம்மாவின் தகப்பனும் அந்த மயானத்தில்தான் கிடக்கிறார், அவருக்குப் பெயர் இருக்கிறது, எழுதிக்கொள்ளுங்கள் என்றார். மிஸ்டர் பெல் என் பக்கம் திரும்பி, இதைக் குறிப்பில் போடவேண்டாம் என்றார். வேலை போனால் போகட்டும் என்று நான் எழுதினேன் மகன். பிறகு கை உயர்த்தினார்கள். ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் இரண்டு பக்கம் கிடைத்தது. என் வேலையும் இதுவரை போகவில்லை. ஆனால் நோர்மாவின் தம்பி அவரோடு கதைப்பதை விட்டுவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை நோர்மா மயானத்துக்குக் கூப்பிட, நாங்கள் மூவரும் போனோம். எது ஆ லின்னின் குழி என்று அவருக்குத் தெரியவில்லை. கல்லும் இல்லை, வேலியும் இல்லை. கொண்டுவந்த மஞ்சள் வாட்டில் பூவைப் பிரித்துப் பிரித்து எல்லா மேட்டிலும் வைத்தார், போதாமல் போக அப்பா போய் இன்னும் முறித்துக்கொண்டு வந்தார்.

இனி உன் விஷயம். ஹெலன் என்ற வெள்ளைக்காரப் பிள்ளையைக் கலியாணம் செய்யப்போகிறேன், ஊரில் ஒருவருக்கும் தெரியவேண்டாம், நீங்களும் மறைத்துவிடுங்கள் என்று எழுதியிருந்தாய். முதலில் நானும் அழுதேன், பொய் சொல்லவில்லை. ஆனால் மறைக்கச் சம்மதமில்லை. யாழ்ப்பாணத்துக்கு, பெரியமாமா முதல் எல்லாருக்கும் நானே எழுதுகிறேன். ஏசுகிறவர்கள் என்னை ஏசட்டும். உன் கடிதம் வந்த நாளிலிருந்து அப்பா உன் பெயரையே எடுக்காமல் இருந்தார். மயானத்திலிருந்து திரும்பி வந்து வீட்டு வாசலில் காரை விட்டு இறங்கும்போது, "அந்தப் பிள்ளை உறைப்புச் சாப்பிடுமோ எண்டு கேட்டு எழுது" என்றார்.

இரண்டு பேரும் நீண்ட ஆயுளோடும் ஒற்றுமையோடும் இருக்க நல்லூரானை வேண்டுகிறேன். நெஞ்சில் சளி வராமல் பார்த்துக்கொள். கேட்டதற்குப் பதிலை மறக்காமல் அப்பாவின் பெயருக்கே எழுது.

என்றும் உன் அன்பு
அம்மா
சத்தியபாமா மகாதேவன்