நாற்காலி நின்ற வாரமும் நித்யா என்கிறவளும்

ஐப்பசி 10, திங்கள்

வெயில். மழை வரும் வரும் என்கிறார்கள், காணோம். வீட்டுக்காரி கோமதியின் மின் சக்கர நாற்காலி நின்றுவிட்டது. விளக்கு எரிகிறது, சக்கரம் நகரவில்லை. விபத்துக்குப் பிறகு அதுதான் அவளுக்குக் கால். ஞாயிறு திருச்செந்தூரில் அவள் தம்பி மகள் கல்யாணம்.

"தூக்கிட்டுப் போறதா இருந்தா நான் வரல. அத்தன பேரு முன்னால உங்க தோள்ல தொங்கிட்டு வரவா?"

நாற்காலிக் கம்பெனிக்கு போன் போட்டால் வாட்ஸப்பில் எழுதச் சொல்கிறது. எழுதி விரலை எடுப்பதற்குள் பதில். "வணக்கம் சார், நான் நித்யா. உங்க கஷ்டம் எனக்குப் புரியுது."

இவ்வளவு சீக்கிரம் யாருக்குப் புரியும்?

செவ்வாய்

கேஸ் புக் செய்ய வேண்டும். கோமதி மாத்திரை.

பஸ்ஸில் செக்கிங் போன காலத்தில், டிக்கெட் எடுக்காதவனை முகத்தை வைத்தே பிடித்துவிடுவேன். இந்த நித்யாவுக்கு முகமே இல்லை. சோதித்தேன்.

"அங்கன மழையாம்மா?"

"ஆமா சார், நல்ல மழை."

"எந்த ஊரு?"

"உங்க பக்கத்து ஊருதான் சார்."

வாசலுக்குப் போய்ப் பார்த்தேன். கொடியில் துணி மொறமொறவென்று காய்கிறது. கோமதியிடம் காட்டினேன்.

"மிஷின்னு இப்பமா தெரியுது? வியாழக்கிழம மெக்கானிக் வருவாருன்னு சொல்லுதுல்லா, அது போதும்."

"பொய் சொல்லுதது ஆள மட்டும் அனுப்பிருமாக்கும்."

வியாழன்

மழை, ஒருவழியாக. மதியத்துக்கு முன் ஒரு போன். தேன் ஒழுகும் பெண் குரல். "வணக்கம் சார், உங்க வீட்டுக்கு அடையாளம் சொல்ல முடியுமா?" அதே குழைவு. இப்போது பேசவும் ஆரம்பித்துவிட்டதா? வைத்தேன். மறுபடி அடித்தது. மறுபடி வைத்தேன்.

சாயங்காலம் நித்யா எழுதுகிறாள்: வீடு தெரியாமல் மெக்கானிக் திரும்பிவிட்டார்.

கோமதியிடம் சொன்னேன். சாப்பாடு வேண்டாமாம். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

வெள்ளி

எழுந்ததும் நித்யாவிடம் கெஞ்சல். 'தயவுசெய்து' என்று எழுதினேன், ஒரு மிஷினிடம். புரிகிறதாம். வருந்துகிறதாம். அடுத்த வாரம்தானாம்.

நேற்று வந்த நம்பருக்கே போட்டேன். அதே குரல். "நீ ஆளா, மிஷினா?"

"என்னது? நேத்து போன வச்சது நீங்கதானா? எங்க மெக்கானிக் மழைல நனைஞ்சுகிட்டு உங்க தெருவத் தேடி அலைஞ்சிருக்காரு! மிஷினாம்லா மிஷினு! வயசானவருன்னு பாக்கேன் அண்ணாச்சி, இல்லன்னா வாயில நல்லா வந்துரும்!"

நித்யாவுக்கு ஒருதரம்கூடக் கோபம் வந்ததில்லை. இது ஆள்தான். அப்படி ஒரு நிம்மதி.

"திட்டு தாயி. திட்டிட்டு ஆள அனுப்பு. கல்யாணத்துக்கு அவ உக்காந்து போவணும்."

தாள் புரட்டும் சத்தம். பிறகு, "நாளைக்கு வருவாரு. வாசல்லயே நில்லுங்க."

சனி

வாசலிலேயே நின்றேன். வந்தார். ஒரு வயர் அறுந்திருந்தது, அவ்வளவுதான். கோமதி கூடத்தைச் சுற்றிச் சுற்றி ஓட்டினாள். நித்யாவுக்கு 'நன்றிம்மா' என்று எழுதினாள்.

"அதுக்கு எதுக்கு நன்றி?"

"பின்ன உங்களுக்கா சொல்ல?"

ஞாயிறு

திருச்செந்தூர். கூட்டம், புழுக்கம். மேடைக்குப் பலகை சாய்த்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் இரண்டு பேர் தூக்க வந்தார்கள். வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு அவளே ஓட்டினாள். பாதியில் நின்றது. மறுபடி வயரா? சேலை முந்தி சக்கரத்தில். குனிந்து உருவிக்கொண்டாள், மேலே போய்விட்டாள்.