கடலுக்குப் போன உறைகள்

ஆகஸ்ட் 12
அம்பத்தூர் பட்டறைக்குப் புது ஆர்டர். கடல் மிதவைக் கருவிகளுக்கு உலோக உறை. பம்பு பாகங்களையே சோதித்துப் பழகிய எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆய்வுக்கு வந்த இன்ஜினியர் கலைவாணியிடம் கேட்டேன்.

"கடல்தண்ணி எவ்வளவு சூடுன்னு அளக்கிற கருவி. பூமியில ஏறுற சூட்டுல பெரும்பங்கை கடல்தான் வாங்கி வச்சுக்குது. புயல் வலுக்கிறதும் அந்தச் சூட்டாலதான்."

முத்தாபுதுப்பேட்டை வீட்டுக்கு வந்து சொன்னேன். ரெனிதா அக்கா வாயும் வயிறுமாக இருக்கிறாள். "கடல் எங்க, நம்ம எங்கடி" என்று சிரித்தாள். வருஷாவருஷம் தெருவில் நிற்கிற தண்ணீர் எங்கிருந்து வருகிறதாம்?

செப்டம்பர் 3
உறைக்குள் காற்றேற்றித் தண்ணீரில் அமிழ்த்தினேன். மூடியோரம் ஒரு குமிழி. மறுபடி அமிழ்த்தினால், மறுபடியும்.

முதலாளி நாகப்பன் சார், "ஊசி முனையாட்டம் கீது. நாளைக்கு டெலிவரி. கையெழுத்துப் போட்டு உடும்மா" என்றார்.

"உள்ள தண்ணி பூந்தா கருவி தப்பா காட்டும் சார்."

"அப்ப வேற ஆள பாத்துக்கறேன்."

போடவில்லை. வேலை போய்விடுமோ? அக்காவுக்குப் பிரசவம் நெருங்குகிற நேரத்தில் எனக்கு இது தேவையா — ஆனாலும் கை வரமாட்டேன் என்கிறது.

செப்டம்பர் 4
சாரே கலைவாணிக்குப் போன் போட்டு அவகாசம் கேட்டிருக்கிறார். "நீ போனப்புறம் நானே முக்கிப் பாத்தேம்மா" என்றார். அவ்வளவுதான். மூடியை லேத்தில் திரும்பக் கடைகிறார்கள்.

அக்டோபர் 9
மிதவைகள் கடலுக்குப் போய்விட்டன.

நவம்பர் 24
புயல் எச்சரிக்கை. கடல் வழக்கத்தைவிடச் சூடாம், கரைக்கு வருமுன் வலுக்குமாம். இங்கே வெயில். அக்கா வீட்டுக்காரர் யூஜின் மாமா நம்பவில்லை: "வானத்தப் பாரு ஜெனிஷா, ஒரு மேகம் கீதா?"

"தண்ணி வந்தப்புறம் வலி எடுத்தா எந்த ஆட்டோ மாமா வரும்?"

அக்காவே பையைத் தூக்கிக்கொண்டாள். அம்பத்தூரில் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே மாமாவின் தங்கை வீடு. அங்கே போய்விட்டோம்.

நவம்பர் 26
மழை. மழை.

நவம்பர் 27
பெண் குழந்தை. அக்காவுக்கு ரத்தம் நிறையப் போயிருக்கிறது. "வழியில மாட்டியிருந்தா கஷ்டம்" என்றார் டாக்டர். இப்போது தூங்குகிறாள்.

கலைவாணியைக் கூப்பிட்டேன். புயலை முன்கூட்டியே சொன்னது எங்கள் உறைகளாலா?

"எத்தனையோ மிதவைங்க, சேட்டிலைட் எல்லாம் சேர்ந்துதான் ஜெனிஷா. உங்களுதும் அதுல ஒழுங்கா வேலை செய்யுது."

போதும்.

டிசம்பர் 2
தண்ணீர் வடிந்தது. மாமாவும் நானும் வீட்டைத் திறந்தோம். சுவரில் சேற்றுக் கோடு, அக்காவின் கட்டிலுக்கு மேலே. மாமா அதைத் தொட்டுப் பார்த்தார். பிறகு அக்காவுக்குப் போன் போட்டார்.

"ரெனிதா, புள்ள வர்றதுக்குள்ள பெயின்ட் அடிச்சிடறேன். இன்னா கலரு வேணும், சொல்லு."