முரசு காத்திருந்த எட்டுக் கட்டம்

பிப்ரவரி 18

அன்புள்ள அண்ணா,

நான் நலம். உன் மூக்குக்கண்ணாடி நலமா? அதைத்தான் முதலில் கேட்க வேண்டியிருக்கிறது.

இன்று என் புது இசைப் படைப்புக்கு முதல் ஒத்திகை. கடைசியில் எல்லா வாத்தியமும் ஓய்ந்து, எட்டுத் தாளக் கட்டம் மௌனம், பிறகு முரசு தனியாக முடித்துவைக்க வேண்டும். நீ எழுதி அனுப்பிய முரசு நோட்ஸில் அந்த எட்டையும் காணோம்! முரசுக்காரர் உடனே டமாலென்று அடித்துவிட்டார். நாற்பது வாத்தியக்காரர்களும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். குழுவை நடத்துகிறவரோ, "இதுவே நல்லாருக்கே, விட்டுடுங்க" என்கிறார்.

பதினாறு வருஷமாக என் கோழிக்கிறுக்கலைப் படித்து, ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனிப் பிரதி எழுதித் தருகிறாய். ஒரு புள்ளி தவறியதில்லை. கண் டாக்டரைப் போய்ப் பார். மார்ச் முதல் வெள்ளி அரங்கேற்றம்.

உன் தங்கை

பிப்ரவரி 24

தங்கச்சிக்கு,

கண்ணுக்கு ஒன்றுமில்லை. தெரிந்துதான் விட்டேன்.

போன தடவையும் கடைசியில் இப்படித்தான் காக்கவைத்தாய். முடிந்துவிட்டது என்று ஜனங்கள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்கள். சொன்னால் கேட்கிற ஆளா நீ? அதனால் கை வைத்தேன். கேட்காமல் செய்தது தப்பு. ஆனால் நடத்துகிறவரும் அதைத்தானே சொல்கிறார்? திட்டுவதானால் திட்டு, அந்த எட்டை மட்டும் திரும்பக் கொண்டுவராதே.

உன் அண்ணி உன் பக்கம். வீட்டில் எனக்கு ஆதரவில்லை.

அண்ணன்

மார்ச் 9

அண்ணா,

கை தவறியிருந்தால் சிரித்திருப்பேன். தெரிந்தே அல்லவா செய்திருக்கிறாய்! இன்னும் எங்கெங்கே கை வைத்தாயோ என்று பழைய பிரதிகளையெல்லாம் தரையில் பரப்பி இரண்டு நாள் பார்த்தேன். இது ஒன்றுதான். அதற்கப்புறம்தான் சோறு இறங்கியது.

எட்டுக் கட்டத்தையும் நானே எழுதி முரசு நோட்ஸில் ஒட்டினேன். அரங்கேற்றத்தில் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். நாலாவது கட்டத்தில் முன்னால் இருந்தவர் பையை எடுத்தார். ஆறாவதில் கீழே வைத்தார். எட்டாவதில் எனக்கே தவிப்பாகிவிட்டது. அப்புறம் விழுந்தது பார் அடி! நடத்தியவர் இறங்கி வந்து, "நீங்க பிடிவாதம் பிடிச்சது சரிதாங்க" என்றார். அது எனக்கு முன்பே தெரியும்.

ஆனால் உன் முடிவும் மோசமில்லை அண்ணா. அது வேறொருவருடைய இசை, அவ்வளவுதான். அதனால் இனி என் நோட்ஸ் உனக்கு வராது. பிரதி எழுத வேறு ஆள் பார்த்துவிட்டேன்.

இத்துடன் இசை எழுத ஐந்து கோடு போட்ட வெற்றுத் தாள் ஐம்பது இருக்கிறது. உன்னுடைய இசையை எழுது. வாத்தியங்களுக்குப் பிரதி நான் எடுத்துத் தருகிறேன். ஒரு புள்ளியைக்கூடத் தொடமாட்டேன்.

உன் தங்கை