ஆறு மா நிலமும் இருநூறு ஓட்டும்

நீடாமங்கலம்,
மாசி 9

அன்பு மகன் மதிவாணனுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் உன் தங்கை வானதியும் மூன்று வேளையும் சாப்பிட்டுக்கொண்டு நலமாக இருக்கிறோம், அரிசி மட்டும் கடையில் வாங்குகிறோம். அயர்லாந்துக் குளிரில் உன் உடம்புக்கு ஒன்றும் வராமல் வைத்தீஸ்வரன் பார்த்துக்கொள்ளட்டும்.

நம் ஆறு மா நிலத்துச் சம்பா போன கதையை வானதி போனில் சொல்லியிருப்பாள், அவள் உனக்கு வலிக்காமல் சொல்லுவாள், நான் உள்ளபடி எழுதுகிறேன். முன்பின் தெரியாதவர்களிடம் இணையத்தில் பணம் திரட்டி நஞ்சில்லா நெல் போடலாம் என்று நீ ஆரம்பித்தபோது அப்பா வேண்டாம் என்று சொல்லவில்லை. பணம் போடுகிறவர்கள் முதலாளியும் இல்லை, கடன் கொடுத்தவர்களும் இல்லை, நெல் வாங்குகிறவர்களும் இல்லை, அப்புறம் யார்தான் என்று மட்டும் கேட்டார். "ஆதரவாளருங்கப்பா, நம்ம குடும்பம் மாதிரி" என்றாய். அந்தக் குடும்பம் கார்த்திகையில் இரண்டு வேன் நிறைய வந்து இறங்கியது. பெங்களூர் வித்யாலக்ஷ்மி என்கிற அம்மாள் வரப்பில் நின்று யாரிடமோ போனில் "எங்க வயலுக்கு வந்திருக்கோம்" என்றாள். அப்பாவைச் சட்டையைக் கழற்றித் தலையில் துண்டைக் கட்டச் சொல்லிப் படம் பிடித்தார்கள். பி.எஸ்ஸி. படித்தவர், வெறும் பனியனோடு தெருவில் இறங்காத மனுஷன், உன் முகத்துக்காகக் கழற்றினார்.

மார்கழி முதல் வாரம் நடுவயலில் புகையான் விழுந்தது. அடித்தூரில் பூச்சி மொய்த்து, பயிர் வட்ட வட்டமாகக் கருகிக்கொண்டு வந்தது, வேப்பெண்ணெய் அடித்தும் நிற்கவில்லை. பக்கத்து வயல் ரெங்கசாமி வந்து பார்த்துவிட்டு, "அண்ணே, தண்ணிய வடிச்சிட்டு இன்னிக்கே மருந்து அடிங்க, நாளைக்குன்னா ஒண்ணும் மிஞ்சாது" என்றார். அப்பா உன்னைக் கேட்டார். ஆதரவாளர்கள் ஓட்டுப் போட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும், மூன்று நாள் ஆகும் என்றாய். எனக்கு ஓட்டு உண்டா என்று அவர் கேட்டதற்கு, "பணம் போட்டவங்களுக்கு மட்டுந்தாம்ப்பா" என்றாய். நாற்றங்காலிலிருந்து அந்தப் பயிரோடு கிடந்தவருக்கு ஓட்டு இல்லை. வானதி தன் சம்பளத்தில் ஆயிரம் ரூபாயை அப்பா பேரில் கட்டி ஒரு ஓட்டு வாங்கிக் கொடுத்தாள். மீறி அடித்தால் உனக்குக் கெட்ட பேர் என்று அப்பா மருந்துக் கடை வாசல் வரை போய்விட்டுத் திரும்பி வந்தார், அதுவும் உனக்குத் தெரியாது.

மூன்றாம் நாள் முடிவு வந்தது. அடிக்கக் கூடாது என்று இருநூற்றுப் பதினொரு பேர், அடிக்கலாம் என்று நாலு பேர். யார் எப்படிப் போட்டார்கள் என்று பேரோடு இருந்ததால் அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு பேராகப் படித்தார். கூடாது என்ற பக்கத்தில் உன் பேர் இருந்தது. நான் கேட்டபோது, "நானே மாத்திப் போட்டா அவங்க நம்பிக்கை போயிடும்மா" என்றாய்.

தையில் அறுக்க மிஷினைக் கூப்பிட வேண்டிய வேலையே இல்லை. கருகி நின்ற தாளை மாடு மோந்து பார்த்துவிட்டு நகர்ந்துகொண்டது. உன் ஆதரவாளர்கள் கைகூப்புகிற படம் அனுப்பினார்கள், வித்யாலக்ஷ்மி இதுவும் ஒரு அனுபவம் என்று எழுதியிருந்தாள். நிலத்தை ரெங்கசாமிக்கு மூன்று வருஷக் குத்தகைக்கு விட்டாயிற்று. அப்பா அரிசி ஆலையில் அடுத்தவர் நெல் காய்வதைப் பார்த்துக்கொள்ளப் போகிறார். உன்னைப் பற்றி யாராவது விசாரித்தால், நன்றாக இருக்கிறான் என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுகிறார்.

வெறும் வயிற்றில் காபி குடிக்காதே, வெளியே போனால் காதை மூடிக்கொள், நோய் நொடி இல்லாமல் நீண்ட ஆயுசோடு இரு. இன்னொன்று. ஆயிரம் ரூபாய் போட்ட ஒவ்வொருவருக்கும் விவசாயி வீட்டிலிருந்து கைப்பட ஒரு கடிதம் வரும் என்று நீ எல்லோருக்கும் வாக்குக் கொடுத்திருக்கிறாயாம். ஒரு மாதமாக உட்கார்ந்து அத்தனையும் நான்தான் எழுதினேன். முதன்முதலில் ஆயிரம் போட்டவன் நீ, உன்னுடையதைக் கடைசியில் எழுதுகிறேன். ஆயிரத்துக்கு ஒரு கடிதம்தான். உனக்கு வர வேண்டியது இதோடு வந்து சேர்ந்துவிட்டது.

இப்படிக்கு,
விவசாயி துரைராசு வீட்டிலிருந்து,
பிரகதாம்பாள்