உன் அக்கா மென்று தின்னக் கற்றுக்கொண்டாள்

அன்பு மச்சானுக்கு,

உன் அத்தான், தையல் மெஷினை நிறுத்திவிட்டு எழுதுவது. இங்கே நாங்கள் சுகம். டயாலிசிஸ் முடிந்து வரும் நாட்களில் கால் பிடித்துக்கொள்கிறது என்றாயே, இப்போது பரவாயில்லையா? போன் இருக்கும்போது கடுதாசி எதற்கு என்று முகத்தைச் சுளிக்காதே. இதைப் போனில் சொன்னால் பாதியிலேயே துண்டித்துவிடுவாய். உன்னை எனக்குத் தெரியாதா?

போன வருடம் உன் அக்கா உனக்குச் சிறுநீரகம் தருகிறேன் என்று கிளம்பினாள். இந்த எடையோடு முடியாது, குறைத்துக்கொண்டு வாருங்கள் என்று டாக்டர் திருப்பி அனுப்பிவிட்டார். "விடுங்க அத்தான், அக்காகிட்டருந்து எடுத்துக்கிட்டு நான் வாழணுமா?" என்று நீயும் அதோடு முடித்துவிட்டாய். அவள் விடவில்லை.

முதலில் பட்டினி கிடந்து பார்த்தாள். வேலையோ பேக்கரி கவுண்டரில். பகலெல்லாம் வாயைக் கட்டுவாள். கடை மூடும் நேரத்தில் உடைந்த கேக் துண்டுகளை நின்றபடியே வாயில் போட்டுக்கொள்வாள். கேட்டால், "நான் எங்க தின்னேன்?" என்பாள். பொய்யில்லை, தின்றது அவளுக்கே தெரியாது.

பிறகு மருத்துவமனை மாடியில் நடக்கும் தியான வகுப்புக்கு அனுப்பினார்கள். சாப்பாட்டைக் கவனித்துச் சாப்பிடப் பழக்கும் வகுப்பு. நானும் துணைக்குப் போனேன். கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கச் சொன்னால் உன் அக்கா குறட்டை விட்டாள். எனக்கு மானம் போயிற்று. அப்புறம் ஆளுக்கொரு பிஸ்கட் கொடுத்து, பார்த்து, முகர்ந்து, மெதுவாக மெல்லுங்கள் என்றார் டீச்சர். அவர் சொல்லி முடிப்பதற்குள் விழுங்கிவிட்டு, "இன்னொன்னு கிடைக்குமா?" என்றாள்!

ஆனால் பிடிவாதக்காரி. வீட்டில் டி.வி.யை அணைத்தாள். உட்காராமல் எதையும் தின்பதில்லை என்று வைத்துக்கொண்டாள். ஒவ்வொரு வாயையும் மென்று விழுங்கிய பிறகுதான் தட்டில் கை வைப்பாள். நான் சாப்பிட்டு, கைகழுவி, ஒரு சட்டைக்குக் காலர் வைத்துவிட்டு வந்தாலும் பாதித் தட்டில்தான் இருப்பாள். போதும் என்று வயிறு சொன்னதும் எழுந்துவிடுவாள். மிச்சத்தை வீணாக்குவானேன் என்று நான் தின்று, இப்போது என் பேண்ட்டைப் பிரித்துத் தைக்க வேண்டியிருக்கிறது.

ஒருநாள் கடையில் க்ரீம் பன்னை நிதானமாக மென்று பார்த்துவிட்டு, "இத்தனை வருஷமா இதையா வாரி அடைச்சேன்? ஒரே எண்ணெய் நாத்தம்" என்று முதலாளியிடமே சொல்லிவிட்டாள். அவர் முகம் போன போக்கைப் பார்க்க நான் அங்கே இல்லாமல் போனேனே!

சிரிப்பு இருக்கட்டும். டீச்சர் இன்னொன்றும் சொல்லிக்கொடுத்திருந்தார். தின்பண்டத்துக்குக் கை போனால் ஒரு நிமிஷம் நின்று, இது பசிதானா என்று தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும். ஒரு சாயங்காலம் உன் போன் வந்தது. பேசிவிட்டு நேரே சமையலறைக்குப் போனவள், பிஸ்கட் டப்பா மூடியில் கையை வைத்தபடி அப்படியே நின்றுவிட்டாள். என்ன என்று கேட்டேன். "பசி இல்லைங்க. பயம். தம்பி போயிடுவானோன்னு பயம்" என்றாள். தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். டப்பாவைத் திறக்கவில்லை. அன்றைக்கு எனக்கு அவள்மேல் வந்த பெருமையை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை மச்சான்.

அதற்கப்புறம் எடை மெள்ள மெள்ள, நிற்காமல் இறங்கியது. கடைச் சீருடையைத் திரும்பத் திரும்பப் பிடித்துத் தைத்தவன் நான். நேற்று டாக்டர் பரிசோதனைகளை எல்லாம் பார்த்துவிட்டு, தாராளமாகத் தரலாம் என்று சொல்லிவிட்டார். அறையை விட்டு வெளியே வந்தவள் நடையைப் பார்த்திருக்க வேண்டுமே, ஊரையே விலைக்கு வாங்கிவிட்டவள் மாதிரி!

உங்களுக்குப் பயமில்லையா அத்தான் என்பாய். இருக்கிறது. அவளை ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோவதை நினைத்தால் காலரைத் தலைகீழாக வைத்துத் தைத்துவிடுகிறேன். ஆனாலும் தடுக்க மனம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வருகிறோம். உன் முன்னால் உட்கார்ந்து, ஏதோ சின்ன விஷயம் மாதிரிதான் ஆரம்பிப்பாள். கத்தாதே, நியாயம் பேசாதே. "சரிக்கா" என்று மட்டும் சொல். நீங்கள் இரண்டு பேரும் எனக்கு வேண்டும்.

நீ நீண்ட காலம் நன்றாக இருக்க வாழ்த்தும்,
உன் அத்தான்